தலையீத்து ஆடுகளும் நான் தேர்ந்தெடுத்த கிடாவும்

“டாக்டரம்மா, குளம்பு ரெண்டும் வெளிய தெரியுது. தலை வரமாட்டேங்குது. வெரசா வாங்க!”

தாயில்பட்டியிலிருந்து முத்துலட்சுமி போனில் பதறினார். பட்டாசுக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, பன்னிரண்டு பெட்டைக் குட்டிகள் வாங்கி வளர்த்தவர். அவை பருவத்துக்கு வந்ததும், கறி எடை கூட வேண்டும் என்று வெளியூரிலிருந்து ஒரு பெரிய இனக் கிடாவைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது கால்நடை மருத்துவரான நான்தான். பன்னிரண்டும் அதற்குத்தான் சினையாகியிருந்தன. எல்லாமே தலையீத்து, அதாவது முதல் பிரசவம்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆடு முனகக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. கையில் சோப்பு நுரையைத் தடவி உள்ளே விட்டதுமே புரிந்துவிட்டது. குட்டி சரியாகத்தான் திரும்பியிருந்தது. தலைதான் தாயின் இடுப்பு எலும்புக்கு மீறிய அளவு. ஆடு முக்கும்போது மட்டும் மெல்ல இழுத்தேன். அரை மணி நேரத்தில் குட்டி வந்தது. மூச்சு இல்லை. தாய் பிழைத்தது.

முத்துலட்சுமி குட்டியைப் பார்க்கவில்லை. ஆட்டுப்பட்டியைப் பார்த்தார்.

“இன்னும் பதினொண்ணு நிக்கே. குட்டி பெருக்காம இருக்கத் தீவனத்தக் குறைச்சிரலாமா?”

“வேண்டாம்மா. இப்பக் குறைச்சா தாயே விழுந்துரும்.”

“கிடாவோட எடையப் பாத்தீக. இதுக இடுப்பப் பாக்கலியே!”

“தப்பு என்மேலதாம்மா” என்றேன்.

அடுத்த மூன்று வாரமும் காலையும் மாலையும் அந்தப் பட்டிக்குப் போனேன். ஒரு ஆட்டுக்கு வேப்பமரத்தடியிலேயே விலாப்புறத்தை அறுத்துக் குட்டியை எடுத்தேன், இரண்டும் பிழைத்தன. இன்னொரு ஆடு ஈனத் தொடங்கியபோது நான் காரியாபட்டியில் கூட்டத்தில் இருந்தேன். வந்து சேர்வதற்குள் தாயும் குட்டியும் போய்விட்டன. முத்துலட்சுமி பட்டிக்குப் பின்னால் குழி தோண்டிக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மற்ற ஒன்பதும் ஒருவழியாக ஈன்றன.

பிழைத்த குட்டிகள் மூன்றாம் மாதத்தில் எதிர்பார்த்ததைவிட அதிக எடை நின்றன. அதைச் சாதனையாகப் பேச எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது: வளர்ச்சி மட்டுமல்ல, பிறக்கும்போதுள்ள உடல் அளவும் கிடாவின் வழியாக வருகிறது. இரண்டையும் ஒரே எண்ணாகப் பார்த்தது என் பிழை.

அடுத்த சினைக்காலத்துக்கு முன் மறுபடி அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறப்பாரா என்ற சந்தேகத்தோடுதான் போனேன்.

“அந்தக் கிடா ஈத்துப் பழகின ஆட்டுக்கு மட்டும் போதும்மா. மொதமுறை சினையாகப்போற பெட்டைக்கு நம்ம ஊர்க் கிடாவையே விடுவோம். அதுலயும் பிறக்கும்போது சின்னதா இருந்து, மூணு மாசத்துல வேகமா ஏறினதாப் பாத்து எடுக்கணும்.”

“எந்தக் கிடான்னாலும் அதப் பெத்த ஆடு எப்படி ஈனுச்சுன்னு நான் மொதல்ல கேப்பேன்” என்றார் முத்துலட்சுமி. “அதுக்கப்புறம் உங்க தராசு.”

இளம் மருத்துவர்களுக்கு நான் சொல்வதும் அந்த வரிசையைத்தான்: முதலில் தாயின் ஈத்து, பிறகு தராசு.