மஞ்சள் வட்டத்துக்குள் இரண்டு காணி

“தொலைநிலை விமானி. சிறு ரகம், சுழல் இறக்கை. வான்வெளியைப் பயன்படுத்தத் தகுதி பெற்றவர்.”

ஜோஸ்பினின் சான்றிதழில் அவளைப் பற்றி இப்படித்தான் அச்சாகியிருக்கிறது. வில்லியனூர்த் தேர்த் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் போகிறவள் இதுவரை ராட்டினத்தில் ஏறியதில்லை. ஏணியில் நாலாவது படிக்கு மேல் கால் வைத்தால் தலை சுற்றும். விமானங்கள் அவளுக்குப் புதிதல்ல. நடவுக் காலத்தில் குனிந்திருக்கும்போது லாஸ்பேட்டை விமான நிலையத்துக்குப் போகிற ஒன்றிரண்டு தலைக்கு மேல் இரைந்துகொண்டு போகும். நிமிர்ந்து பார்த்தால் மேஸ்திரி திட்டுவார் என்பதால் அவற்றைப் பெரும்பாலும் காதால்தான் அறிந்திருந்தாள்.

ஆனாலும் வேலைக்குப் பொருத்தமான குணம் ஒன்று அவளிடம் இருந்தது. அவள் எதையும் நம்ப மாட்டாள். பஸ் வில்லியனூர் போகும் என்று கண்டக்டர் சொன்னால் டிரைவரிடமும் ஒரு முறை கேட்பாள். ஞாயிறு பூசை எட்டு மணிக்கு என்று பாதிரியார் அறிவித்தால் ஏழே முக்காலுக்குப் போய்க் கோயில் கதவு திறந்திருக்கிறதா என்று பார்ப்பாள். டுரோன் பயிற்சியில், வாத்தியார் “ஓகே” சொன்ன பேட்டரியைக் கழற்றி மறுபடி சோதித்த ஒரே ஆள் அவள்தான். வாத்தியாருக்கு முதலில் கோபம் வந்தது. கடைசி நாளில் அவளுக்குத்தான் அதிக மதிப்பெண் போட்டார்.

மருந்து தெளிக்கும் டுரோன், மகளிர் குழுவின் பன்னிரண்டு பெண்களுக்கும் பொதுவாக அரசாங்கம் கொடுத்தது. சான்றிதழ் மட்டும் ஜோஸ்பின் ஒருத்தியின் பெயரில். அது ரத்தானால் டுரோன் திரும்பப் போய்விடும், பன்னிரண்டு பேரும் மறுபடி கூலி வேலை தேட வேண்டும். இதை ஜோஸ்பின் மறக்கவில்லை. மறந்தாலும் குழுவில் இருந்த ராமாயி மறக்க விட மாட்டாள்.

மார்கழி பிறந்த நாலாம் நாள் தங்கவேல் பைக்கில் வந்து இறங்கினார். வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தின் வடமேற்கு ஓரத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, அவருக்கு இரண்டு காணி நெல்.

“ஜோஸ்பினு, புகையான் வுழுந்துடுச்சிம்மா. நடுக் கழனியில வட்டம் வட்டமா தீஞ்சி கெடக்குது. இன்னும் ரெண்டு மூணு நாளு வுட்டா அறுக்கறதுக்கு வைக்கோல்தான் இருக்கும்.”

“மருந்தடிக்க ஆளு கெடைக்கலியாண்ணா?”

“ஆளு இருந்தா உன் வூட்டு வாசல்ல வந்து நிப்பேனா?”

ஜோஸ்பினின் அம்மா தங்கவேலின் அப்பாவை ‘ஐயா’ என்றுதான் கூப்பிட்டாள். ஜோஸ்பின் தங்கவேலை ‘அண்ணா’ என்கிறாள். டுரோன் வந்த பிறகு அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

அவள் செல்போனில் வரைபடத்தைத் திறந்தாள். பச்சை என்றால் பறக்கவிடலாம். சிவப்பு என்றால் கூடவே கூடாது. மஞ்சள் என்றால் விமான நிலையத்தைச் சுற்றிய வட்டம், அதன் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் அனுமதி வாங்க வேண்டும். தங்கவேலின் இரண்டு காணியும் முழு மஞ்சள். அப்போதே விண்ணப்பித்தாள். மறுநாள் மத்தியானம் வரை ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒரே வரி அசையாமல் நின்றது. தீய்ந்த வட்டங்கள் அசைந்து, ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கின.

கழனி வரப்பில் நின்றுகொண்டு தங்கவேல் ஒரு யோசனை சொன்னார்.

“இந்த வரப்புக்கு அந்தாண்ட இன்னா? விழுப்புரம் ஜில்லா. அங்க நின்னு ஏத்து. பாண்டி ஏர்போர்ட்டுக்குத் தமிழ்நாட்டுல இன்னா வேலை?”

வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். இந்தப் பக்கத்து ஜனங்கள் சிரிக்க மாட்டார்கள். இங்கே வரப்பைத் தாண்டினால் பெட்ரோல் விலை மாறும், சாராயச் சட்டம் மாறும், தேர்தல் தேதிகூட மாறும். ஆடு திருடியவன் அந்தப் பக்கம் குதித்துவிட்டால் இந்தப் பக்கத்துப் போலீஸ்காரர் லத்தியை ஊன்றிக்கொண்டு பெருமூச்சு விடுவார். ஆகாயம் மட்டும் எப்படி வேறு மாதிரி இருக்கும்? ஜோஸ்பினுக்கும் அது நியாயமாகவே பட்டது. நியாயமாகப் பட்டதாலேயே சந்தேகம் வந்தது.

செல்போனைக் கையில் ஏந்திக்கொண்டு வரப்பைத் தாண்டினாள். பத்தடி போனாள், நூறடி போனாள். மஞ்சள் மாறவில்லை.

“உன்னுது பாண்டி சிம்மு. அதான் அப்படிக் காட்டுது,” என்று தங்கவேல் தன் செல்போனை நீட்டினார். “இது கண்டமங்கலத்துல வாங்கனது.”

அதிலும் மஞ்சள்தான். பாண்டிச்சேரியும் தமிழ்நாடும் ஒரே நிறத்தில் இருந்த வரைபடத்தை அவர் தம் அறுபது வயதில் முதல் தடவையாகப் பார்த்தார். அவருக்கு அது பிடிக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் பாக்யராஜ் வந்தான். திருக்கனூரில் இரண்டு டுரோன் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவன். அவனிடம் சான்றிதழ் இருக்கிறதா என்று ஜோஸ்பினைத் தவிர யாரும் கேட்டதில்லை. அவளுக்கும் அவன் பதில் சொன்னதில்லை.

“யக்கா, இதெல்லாம் ரூல்ஸ் இல்லக்கா, சும்மா ஒரு கைடன்ஸு. ஏரோபிளேனு எங்கியோ மேகத்துல போவுது, நம்முளுது பனைமரத்துக்குக் கீழ போவுது. நான் எத்தினி வாட்டி வுட்டிருக்கேன், ஒருத்தனாவது கேட்டானா?”

“அப்ப நீயே வுடு.”

“வுடறேன். இப்பவே வுடறேன். உன் சர்டிபிகேட் நம்பரை மட்டும் குடு.”

“எதுக்கு?”

“சும்மா ஒரு பார்மாலிட்டிக்கு.”

ஜோஸ்பின் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“கைடன்ஸுக்கு எதுக்குடா நம்பரு?”

பாக்யராஜ் கழனியைப் பார்த்தான். தங்கவேலும் அவனைப் புதிதாகப் பார்த்தார். “இத்தினி நாளா யாரு நம்பருலடா ஓட்டிக்கிட்டிருக்க?” என்று கேட்டார்.

ஜோஸ்பின் விண்ணப்பத்தின் அடியில் இருந்த தொலைபேசி எண்ணை அழுத்தினாள். ஏழெட்டு முறை மணி அடித்த பிறகு ஓர் ஆண் குரல் எடுத்தது. அவள் ஊர், பேர், மஞ்சள், புகையான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கேட்டாள்:

“சார், இது கட்டாயமா, இல்ல சும்மா வழிகாட்டறதுதானா?”

“பறக்கவிட்டுட்டுக் கேக்கறீங்களா, விடறதுக்கு முன்னாடி கேக்கறீங்களா?”

“முன்னாடிதான் சார்.”

“அப்ப கட்டாயம்.”

“பின்னாடி கேட்டிருந்தா?”

“அப்பவும் கட்டாயம்தான். வேற ஆபீஸ்ல நின்னு கேட்டுக்கிட்டிருப்பீங்க.”

“பெரிய ஏரோபிளேனுக்கும் இதே மாதிரிதானா?”

குரலுக்கு வேலை குறைவாக இருந்திருக்க வேண்டும். பொறுமையாகச் சொன்னது. “காத்து, மழை பத்தி நாங்க தகவல் சொல்லுவோம், அதை வெச்சு பைலட் முடிவு பண்ணிக்கலாம். ஆனா இறங்காதேன்னு சொன்னா இறங்கக் கூடாது. நாங்க சொன்னபடி செஞ்சா விமானத்துக்கே ஆபத்துன்னா மட்டும் மாட்டேன்னு சொல்லலாம். ஏன்னு காரணமும் சொல்லணும்.”

“நம்ம கழனியும் ஆபத்துலதான் கெடக்குதுன்னு சொல்லும்மா!” என்று தங்கவேல் பக்கத்திலிருந்து கத்தினார்.

“கழனியில பயணிங்க யாராவது இருக்காங்களா?” என்று குரல் கேட்டது.

ஜோஸ்பினுக்கு அடுத்த சந்தேகம் வந்துவிட்டது. “நீங்க கோபுரத்துலேர்ந்துதான் பேசறீங்கன்னு நான் எப்படி நம்பறது?”

மறுமுனையில் யாரோ சிரித்தார்கள். “மேற்கால பாருங்க. அஞ்சு நிமிஷத்துல ஒண்ணு இறங்க வரும்.”

மூன்று பேரும் வரப்பில் நின்று மேற்கே பார்த்தார்கள். நாலாவது நிமிடம் கரும்புக் கொல்லைக்கு மேலே ஒரு புள்ளி தெரிந்தது. அது விமானமாகி, சக்கரங்களை நீட்டிக்கொண்டு தலைக்கு மேல் போனது. மேகம் அதற்கும் மேலே, வெகு உயரத்தில் எங்கோ இருந்தது. இறக்கைக்கு அடியில் எழுதியிருந்த எழுத்துகளை ஜோஸ்பின் கண்ணாடி போடாமலே பார்த்தாள். பாக்யராஜ் தன் பைக் சாவியைத் தேடத் தொடங்கினான்.

“டைம்டேபிளைப் பார்த்துக்கூடச் சொல்லியிருக்கலாம் அந்தாளு,” என்றார் தங்கவேல்.

ஜோஸ்பினுக்குத் தங்கவேல் மேல் அன்றுதான் கொஞ்சம் மரியாதை பிறந்தது.

“உங்க விண்ணப்பத்தை நாளைக்குக் காலையில பாக்கறோம்,” என்றது குரல். “அனுமதி வர்ற வரைக்கும் பறக்கவிடாதீங்க.” போன் வைக்கப்பட்டது.

மறுநாள் காலை ஆறரை மணிக்கும் ‘பரிசீலனையில் உள்ளது’தான். பூச்சி பெருகாமல் இருக்கத் தங்கவேல் ராத்திரியே கழனித் தண்ணீரை வடித்துவிட்டிருந்தார். தீய்ந்த வட்டங்கள் இப்போது கிழக்கு வரப்பு வரை வந்திருந்தன.

“காலையில பாக்கறேன்னு சொன்னான் இல்ல? பாத்துக்கிட்டேதான் இருப்பான். நீ வுடும்மா. நான் இருக்கேன்.”

“நீங்க இருப்பீங்கண்ணா. டுரோன் இருக்குமா?” என்றாள் ஜோஸ்பினோடு கழனிக்கு வந்திருந்த ராமாயி.

“அப்ப என் நெல்லு?”

அந்தக் கேள்விக்கு வரைபடத்தில் நிறம் எதுவும் இல்லை. ஜோஸ்பின் தன் தம்பி வீட்டுக்குப் போய் முதுகில் மாட்டுகிற தெளிப்பானை எடுத்து வந்தாள். ராமாயி மருந்து கலந்தாள். ஜோஸ்பின் முகத்தில் துணி கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். புகையான் தூரில் குடியிருக்கிற பூச்சி. பயிரை விலக்கி அடியில் அடிக்க வேண்டும். அது அவளுக்குப் பயிற்சி வகுப்பில் கற்றது அல்ல.

எட்டே முக்காலுக்கு வரப்பில் வைத்திருந்த செல்போன் கூவியது. ராமாயி எடுத்துப் படித்தாள்.

“அனுமதி வந்துடுச்சிடி!”

“எத்தினி மணிக்கு?”

“ஆறுலேர்ந்து ஏழரை வரைக்கும்.”

“இன்னிக்கா, நாளைக்கா?”

ராமாயி மறுபடி பார்த்தாள். “இன்னிக்குத்தான்.”

தங்கவேல் தலையில் அடித்துக்கொண்டார். “கல்யாணம் முடிஞ்சி பந்தலைப் பிரிக்கறப்போ பத்திரிகை குடுக்கறானுங்க. வந்துடுச்சி இல்ல, இப்ப எடுத்துக்கினு வந்து வுடு. ஒண்ணேகால் மணி நேரம் முன்னபின்ன ஆனா இன்னா?”

“ஏழரையோட முடிஞ்சிடுச்சிண்ணா,” என்று சொல்லிவிட்டு ஜோஸ்பின் அடுத்த வரிசைக்கு நகர்ந்தாள்.

அன்று அவள் டுரோனைப் பறக்கவிடவில்லை. பதினாறு லிட்டர் தெளிப்பானை முதுகில் சுமந்து, தங்கவேலின் இரண்டு காணிக்கும் நடந்தே மருந்தடித்து, பகல் ஒரு மணிக்கு முடித்தாள்.