குருவிநத்தம் ஆற்றில் புதுத் தண்ணீர்

போன ஐப்பசியில் என் மைத்துனிக்குக் கல்யாணம். ஊர் தென்பெண்ணைக்கு அக்கரையில், இங்கிலீஷ்காரர் எல்லையில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் எல்லையிலுள்ள வில்லியனூரிலிருந்து நாங்கள் ரயிலில் சுற்றிப் போயிருக்கலாம். ரயிலென்றால் சுங்கக்காரர்கள் கல்யாணப் புடைவையை உதறிப் பார்ப்பார்கள் என்று என் மனைவி கமலத்துக்குப் பயம். ஆகவே மாட்டுவண்டி. வண்டிக்காரர் பெயர் ராமலிங்கம்.

பாகூர் வழியாகக் குருவிநத்தம் பன்னிரண்டு மைலுக்குக் குறையாது. மூன்று வருஷமாக மழை ஏமாற்றியதில் பாதை முழுக்கப் புழுதி. விடியலில் கிளம்பியும் ஆற்றங்கரை சேரும்போது மணி மூன்று. வழியில் பார்த்த குளத்திலெல்லாம் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

ஆற்றில் மணல்தான். ஊர்ப் பெண்கள் ஊற்றுத் தோண்டிக் கொட்டாங்கச்சியால் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார்கள். நாங்கள் நடு ஆற்றுக்கு வந்த சமயம், மேற்கிலிருந்து சருகும் நுரையுமாகக் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் மெல்ல ஊர்ந்து வந்தது. தலைக்கு மேலே ஒரு மேகம்கூட இல்லை. மலைப்பக்கம் கொட்டிய மழை அது.

மற்ற ஊராக இருந்தால் கரையேறுவார்கள். இங்கே கரையில் நின்றவர்களும் இறங்கி ஓடி வந்தார்கள். புதுத் தண்ணீரை ஆற்றுக்குள் நின்று மஞ்சள் போட்டுக் கும்பிடுவது இவர்கள் வழக்கமாம். எங்கிருந்துதான் கற்பூரம் கிடைத்ததோ! ராமலிங்கம் அதற்கும் ஒரு படி மேலே போய் மாடுகளை அவிழ்த்துவிட்டார்.

"யோவ், இன்னாய்யா பண்ற? பூட்டுய்யா!" என்று கத்தினேன்.

"இருங்க ஐயா, வாயில்லா ஜீவன். மூணு வருசமா ஆத்துத் தண்ணி பாக்கல. ஒரு வாய் குடிக்கட்டும்."

நான் திரும்புவதற்குள் கமலமும் மஞ்சளோடு இறங்கிவிட்டாள். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. இழுத்தேன். "ஊரே நிக்குது, உங்களுக்கு மட்டும் இன்னா அவசரம்?" என்று கையை உதறினாள்.

அப்போதுதான் மேற்கே லாரி வருவதுபோல ஓர் இரைச்சல். கணுக்காலில் இருந்த தண்ணீர் முழங்காலுக்கு வந்து, இடுப்பைத் தொட்டுவிட்டது. கும்பிட்டவர்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். காலடி மணல் கரைந்து கமலம் விழுந்தாள். ஒரு கணம் அவள் தலையைக் காணவில்லை. என் உயிர் போய் வந்தது. கைக்கு அகப்பட்ட மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினேன்.

"வண்டிய வுடுங்க! மாட்டு வாலப் புடிங்க ஐயா, அது கரைக்கு இட்டும் போவும்!" என்று ராமலிங்கம் கூவினார். ஒரு கையில் மாட்டு வால், மறு கையில் கமலம். மாடு வெள்ளத்தோடு வெகுதூரம் கீழே போய், வந்த கரையிலேயே எங்களைச் சேர்த்தது. ராமலிங்கமும் மற்ற மாட்டோடு கரையேறினார்; ஆட்கள் எல்லோரும் பிழைத்தார்கள். வண்டி பெட்டியோடும் கல்யாணப் புடைவையோடும் புரண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். "அவுத்துவுட்டது என் புத்தி கெட்டதனம்" என்று ராமலிங்கம் தலையில் அடித்துக்கொண்டார். அவிழ்க்காமல் இருந்தால் மாட்டு வால் ஏது என்று யோசித்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வருகிறது.

இந்த வழியாகப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். வறண்ட ஆற்றில் வண்டியை நிறுத்தாதீர்கள், மாட்டை அவிழ்க்காதீர்கள். தலைக்கு மேல் வெயில் அடிப்பதை நம்பாதீர்கள். மேற்கே முந்தின இரவு மின்னியதா என்று ஊரில் கேளுங்கள். கணுக்கால் தண்ணீர் வந்தாலே கிட்டத்தில் இருக்கிற கரைக்கு ஏறுங்கள். சாமான் போனால் போகட்டும். கும்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, மேட்டில் நின்று கும்பிடுங்கள்.

அன்று கரையில் ஒற்றைக் கையால் புடைவையைப் பிழிந்துகொண்டிருந்த கமலம், மெல்லச் சொன்னாள்: "ஏங்க, கைய வுடுங்க. வலிக்குது."

நான் விடவில்லை.