பால்கோவாத் தெருவுக்குப் போன பூனை

எனக்கு நெஞ்சில் டி.பி. வந்த வருஷம் வீட்டில் எனக்கென்று தனித்தட்டு, தனித்தம்ளர், தனிப்பாய். எண்பதுகளின் கடைசி அது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், எழுந்து நிற்கவே சுவரைப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. பார்க்க வந்தவர்கள் வாசல்படியோடு நின்று, ஆரஞ்சுப் பழங்களை அங்கேயே வைத்துவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி போனார்கள். அவர்களைக் குற்றம் சொல்லி என்ன? ஆனாலும் வயிறு எரியத்தான் செய்தது.

பூனை மட்டும் உள்ளே வந்தது. சாம்பல் நிறம், ஒரு காது நுனி கிழிந்த பெட்டைப் பூனை. வந்த அன்றே உரிமையோடு என் கால்மாட்டில் சுருண்டுகொண்டது. நான் இருமி இருமி எழுந்து உட்கார்ந்தால் அதுவும் எழுந்து உட்காரும். என் தட்டில் மிஞ்சிய மோர்ச்சோற்றை அதைத் தவிர யாரும் தொட்டதில்லை. "ஏட்டி, ஒனக்குப் பயமே இல்லையா?" என்று கேட்பேன். கொட்டாவி விடும். அந்த வருஷம் நான் அதிகம் பேசியது அதனோடுதான்.

மாத்திரைகள் முடிந்து, சளியில் இனி ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதும் என் வீட்டுக்காரர் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. பூனை முடி நெஞ்சுக்குள் போனால் நோய் திரும்பிவிடும் என்று அவர் வேலை பார்த்த மில்லில் எந்தப் புண்ணியவானோ அவர் காதில் போட்டுவிட்டான். மனுஷர் ஆடிப்போய்விட்டார்.

ஒரு காலை குளித்துவிட்டு வந்து பார்த்தேன், பூனையைக் காணோம். சாயங்காலம் அவர் வந்ததும் கேட்டேன்.

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல விட்டுட்டு வாரேன்" என்றார்.

"என்னது?"

"கோணிச் சாக்குல போட்டு, வந்த வழி தெரியாம இருக்க நல்லா சுத்திட்டுத்தான் பஸ் ஏறுனேன். அதுக்கு ஒரு கொறையும் இல்ல. பால்கோவா கிண்டுத தெருவுலதான் விட்டிருக்கேன். எம்புட்டுப் பாலு! மகாராணி மாதிரி இருக்கும்."

"நல்லா இருப்பீங்களா நீங்க? என்னைய ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலியா?"

"நீ செத்துப் போயிருவியோன்னு வருஷம் பூரா பயந்துக்கிட்டே கெடந்தேன்ட்டி. இனியும் எனக்கு ஏலாது."

அதற்குமேல் அவரிடம் என்ன சண்டை போடுவது? அவர் வாங்கி வந்த பால்கோவாவை மட்டும் நான் தொடவில்லை.

உடம்பு கொஞ்சம் தெம்பானதும் வயர் கூடையோடு தனியாக பஸ் ஏறினேன். அந்தத் தெருவில் சட்டி சட்டியாகப் பால் கொதித்துக்கொண்டிருந்தது. பூனை ஒன்று வந்ததா என்று கேட்டதும் கிண்டிக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார்.

"பூனைய அண்ட விட்டா பொழப்பு நடக்குமாக்கா? வெறகுக் கட்டையாலதான் வெரட்டுவோம். எப்படி இருக்கும்?"

சொன்னேன்.

"காது கிழிஞ்சதா? பாவமேன்னு அதுக்குப் பாலு ஊத்துனோம். மோந்து பாத்துட்டுப் போயிருச்சு. அந்தா, பச்சைக் கதவு வீட்டுலதான் கெடக்கு."

பாலுக்கு அது எப்போது பழகியது? மோர்ச்சோறு தின்று வளர்ந்த கழுதை!

பச்சைக் கதவைத் திறந்தது ஒரு இளம்பெண். உள்ளே கட்டிலில் அவளுடைய அம்மா, எலும்பும் தோலுமாக. கால்மாட்டில் என் பூனை.

"வாசலோட நின்னுட்டுப் போறவியதான் அம்புட்டுப் பேரும்" என்றாள் அந்தப் பெண். "இது மட்டுந்தான் உள்ள வந்துச்சு. வந்த பொறவுதான் அம்மா ரெண்டு வாய் சாப்பிடுதா. ஒங்க பூனையாக்கா?"

படியைத் தாண்டி உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். "ஏட்டி" என்றேன். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது, தெரிந்துகொண்டது. பிறகு அந்த அம்மாவின் காலில் மறுபடியும் தலையை வைத்துக்கொண்டது. தூக்கிக் கூடையில் போட என்ன, ஒரு நிமிஷ வேலை. செத்த நேரம் அதன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். வெறும் கூடையோடு பஸ் ஏறியதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

வீட்டுக்காரர் தெருமுனையிலேயே நின்றிருந்தார்.

"கெடச்சுதா?"

"கெடச்சுது. அதுக்கு அங்க வேலை இருக்கு."

அவர் என் கையிலிருந்த கூடையை வாங்கிக்கொண்டு நடந்தார். பிறகு அவரே ஒன்றிரண்டு பூனைக்குட்டிகளைக் கொண்டுவந்து பார்த்தார். நான் ஒட்டவில்லை.

அந்த நோய் எனக்குத் திரும்பி வரவே இல்லை. இப்போதும் லேசாகக் காய்ச்சல் அடித்தால், கால்மாட்டில் கொஞ்சம் இடம் விட்டுக் காலை மடக்கித்தான் படுக்கிறேன்.