மஞ்சள் கவுன் சிறுமி

படித்துவிட்டு, 'நன்றாகக் கதை விடுகிறார்' என்று சொல்லப் போகிறீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் இது நடந்தது. எனக்கு மூக்குக் கண்ணாடி செய்து தருகிற பெண்ணுக்கு நடந்தது. வில்லை ஒரு நூல் பிசகினாலும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தேய்க்கிறவள் அவள். இல்லாததை இருப்பதாகச் சொல்லும் ஆள் இல்லை.

அவளுக்கு ஒரே ஒரு பைத்தியம். செல். கைபேசி என்று நினைத்துவிடாதீர்கள். கம்ப்யூட்டர் வராத காலத்தில் கார்ட்டூன் பாத்திரங்களைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் கையால் வரைவார்கள். பின்பக்கம் வண்ணம் பூசி, பின்னணி ஓவியத்தின் மேல் வைத்துப் படம் பிடிப்பார்கள். அந்த அசல் தாளுக்குப் பெயர்தான் செல். இணைய ஏலத்தில் காத்துக் கிடந்து வாங்குவாள். தனிக்கட்டை. வீட்டுச் சுவரில் இருந்த முயல்களும் மூக்கு சிவந்த கரடியும்தான் குடும்பம்.

இந்தப் பைத்தியத்துக்கு ஒரு கூட்டாளியும் இருந்தாள். அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருந்தவள். கூடப் பிறக்காத அக்கா. அக்காவின் மகளுக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி முழுக்க விழித்திருப்பது இவள்தான். ஒருத்தி கேட்கும் ஏலத்தில் இன்னொருத்தி கை வைப்பதில்லை என்று இருவருக்கும் பேச்சு.

ஒரு நாள் அக்காவே ஒரு செல்லைக் காட்டினாள். நீளமான நடைவழி. நடுவில் மஞ்சள் கவுன் போட்ட சிறுமி, நேரே பார்த்து நடந்து வருகிறாள்.

"விட்டுடாதே. உனக்குன்னே வந்திருக்கு."

"விக்கிறவங்க புது ஆளா இருக்காங்களே, அக்கா?"

"இருந்தா என்ன? கேளு, கேளு."

கேட்டாள். போட்டிக்கு ஒரு ஆள்கூட வரவில்லை.

கூடத்தில் மாட்டினாள். சில நாள் கழித்துப் பார்த்தால், சிறுமி நடுவில் இல்லை. கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி இருந்தாள். தாள் நழுவியிருக்கும் என்று சட்டத்தைப் பிரித்தாள். நழுவவில்லை. தாள் நகராமல் பொருத்துவதற்காக அதன் அடியில் இருந்த துளைகள் பின்னணி ஓவியத்தின் துளைகளோடு அச்சாகப் பொருந்தியிருந்தன.

அடுத்த வாரம் முகம் மாறியிருந்தது. நேரே பார்த்த சிறுமி இப்போது தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தாள்.

அக்காவிடம் சொன்னாள். அக்கா சிரித்தாள்.

"கண்ணாடிக்காரிக்கே கண்ணாடி வேணுமா?"

ஆனால் அதன்பிறகு அக்கா இவள் வீட்டுப் பக்கமே வரவில்லை. கேட்டால் வேலை, தலைவலி. மகளையும் அனுப்புவதில்லை.

அன்றைக்கு விடுமுறை. சாயங்காலம், நல்ல மழை. விளக்கைப் போட்டாள்.

சிறுமி சட்டத்தின் ஓரத்துக்கே போயிருந்தாள். வாய் திறந்திருந்தது. பயம்... அப்பட்டமான பயம். இப்போது அவள் தன் தோளுக்குப் பின்னால் பார்க்கவில்லை. கூடத்தைப் பார்த்தாள்.

இவளை அல்ல.

இவளுக்குப் பின்னால்.

சர்ர்ர்...

ஒட்டிக்கொண்ட தாளை மெல்ல உரிப்பது போல.

இவள் திரும்பவில்லை.

சர்ர்ர்...

இன்னும் கிட்டே.

செருப்புகூடப் போடாமல் ஓடினாள். அக்கா வீட்டுக் கதவைத் தட்டோ தட்டென்று தட்டினாள். சங்கிலியை எடுக்காமல் கதவு கொஞ்சமாகத் திறந்தது. சொட்டச் சொட்ட நனைந்து நின்றவளைப் பார்த்து அக்கா கேட்ட முதல் கேள்வி:

"அது இறங்கிடுச்சா?"

இவள் இன்னும் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

"எது, அக்கா?"

அக்கா கதவுச் சங்கிலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"வித்தது... நீங்களா?"

"யாராவது ஆசைப்பட்டு வாங்கினாத்தான் அது நம்மள விட்டுப் போகும்னு எனக்கு வித்தவங்க சொன்னாங்க. நான் வேற என்ன பண்றது?"

"அதுக்கு நான்தான் கெடைச்சேனா?"

அக்கா கீழே பார்த்தாள்.

"எனக்குப் பொண்ணு இருக்கா. உனக்கு யாரு இருக்கா?"

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே மகள் கேட்டது இவள் காதில் விழுந்தது.

"யாரும்மா அது?"

"யாருமில்ல."

காலையில் தான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடை முதலாளியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். சட்டம் சுவரில் இருந்தது. நடைவழி இருந்தது. சிறுமி இல்லை. தாளில் பொட்டு வண்ணம்கூட இல்லை.

வீட்டை மாற்றினாள். செல் சேர்ப்பதை விட்டாள். அந்தத் தாளை மட்டும் ஏலத்தில் போடவில்லை. இன்னொருவர் தலையில் கட்ட மனம் வரவில்லை. சத்தம் மறந்தாலும் மறக்கும், அந்த 'யாருமில்ல' மட்டும் மறக்காது என்றாள் என்னிடம்.

போன மாதம் கண்ணாடி போட ஒரு பெரியவர் வந்தார். ஒரு காலத்தில் கார்ட்டூன் கம்பெனியில் வண்ணம் பூசியவர் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. ஏல விளம்பரத்தில் வந்த படத்தை எடுத்துக் காட்டினாள். பார்த்ததுமே அடையாளம் சொன்னார்.

"நான் பூசின மஞ்சள்தான் இது. நடந்து வருவா. அப்புறம் திரும்பிப் பாத்துப் பயந்து ஓடுவா."

"எதைப் பாத்து, ஐயா?"

"அதை நாங்க வரையவே இல்லம்மா. உருவமே வேண்டாம்னுட்டாங்க. வெறும் சத்தம் மட்டும்தான்."

என்ன சத்தம் என்று அவள் கேட்கவில்லை.