கிளுவைக்காக மூடிய மதகு

இன்று காலை எங்கள் தெருமுனையில் சாக்கடையைத் தூர்வாரி, சேற்றை ரோட்டோரம் கொட்டியிருந்தார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட, நான் மட்டும் நின்று முகர்ந்துகொண்டிருந்தேன். "மாமா, உள்ள வாங்க, மானம் போவுது" என்றாள் மருமகள். அவள் சொல்வது நியாயம்தான். ஆனால் அந்த வாடையில் பாதி சாக்கடை என்றால் மீதி திருத்தணி ஏரி. அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

நாற்பதுகளில் அங்கே ஒரு சர்க்கார் ஆபீசில் தற்காலிக குமாஸ்தாவாக இருந்தேன். கிறிஸ்துமஸ் லீவில் துப்பாக்கியோடு ஒரு துரை வருவதாக இருந்தார். மார்கழி விடியலில் ஏரிக்கரைக்குப் போய், என்னென்ன பட்சி இறங்கியிருக்கிறது என்று நான் பார்த்து வந்து சொல்ல வேண்டும். நல்ல வேட்டை கிடைத்தால் என் வேலை நிரந்தரமாகும் என்று பேச்சு. இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்னென்னவோ பரீட்சை எழுதுகிறார்கள். நான் எழுதியது வாத்துப் பரீட்சை.

முதல் வாரம் குளிரைத் திட்டிக்கொண்டே போனேன். பிறகு யாரும் எழுப்பாமலே விழிப்பு வந்தது. நாமக்கோழிகள் நெற்றியில் வெள்ளை நாமத்தோடு ஓயாமல் சண்டை போடும். உள்ளான் சேற்றைக் குத்திக்கொண்டே நடக்கும். கிளுவை வாத்துகள் மட்டும் ஓசைப்படாமல் கூட்டமாக மிதக்கும். துரையை நான் மறந்தே போனேன்.

மதகுக்குக் கீழே ஒரு காணியில் நெல் வைத்திருந்தாள் மங்கம்மா. புருஷன் இல்லாதவள். தண்ணீர் இறங்கினால் பட்சிகள் கலைந்துவிடும், துரை வந்து போகும்வரை மதகைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. ஒருநாள் கரையேறி என் முன்னால் வந்து நின்றாள்.

"கதிரு பால் புடிச்சிகினு கீது சாமி. ஒரே ஒரு தண்ணி போதும். நீங்க சொன்னா கேப்பாங்க."

அன்றைக்கே தலைமை குமாஸ்தாவும் கேட்டார். "மதகத் தொறந்தா பட்சி போயிடுமா, போவாதா? அத மட்டும் சொல்லுய்யா."

ஒரு தண்ணீரால் பெரிதாக ஒன்றும் ஆகாது, மேற்குப் பக்கம் நல்ல ஆழம். அது எனக்குத் தெரியும். "போயிடும் சார்" என்றேன். வேலைக்காகச் சொன்னேன் என்று நெடுநாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். உண்மையில், மறுநாள் காலை நான் போகும்போது ஒரு பட்சிகூடக் குறையாமல் அங்கே இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

துரை வரவில்லை. காய்ச்சல் என்று தந்தி வந்தது. மதகைத் திறந்தபோது மங்கம்மாவின் கதிரெல்லாம் பதராகியிருந்தது. மாட்டுக்காவது ஆகட்டும் என்று அறுத்துக்கொண்டிருந்தவள், என்னைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"உங்க பட்சிங்கள்லாம் பத்திரமா கீதுங்களா சாமி?"

குத்திக் கேட்டாளா, நிஜமாகவே கேட்டாளா, தெரியவில்லை. "ஆங்" என்றேன். வீட்டுக்கு வந்து சுடச்சுடச் சாப்பிட்டேன். வருத்தம் வரும், வரும் என்று பார்த்தேன். வரவில்லை. தை பிறந்ததும் அவள் நிலத்தை விட்டுவிட்டு, கோலாருக்கோ எங்கேயோ கூலிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். என் வேலை எப்படியோ நிரந்தரமாயிற்று.

போன வருஷம் திருத்தணி மலைக்குச் சாமி கும்பிடப் போனபோது அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். ஏரியில் பாதி வீடுகள், மீதி சீமைக்கருவேலம். ஒரு கிளுவைகூட இல்லை. வெட்கமில்லாமல் அதற்குக் கண் கலங்கியது. கிளுவையின் இறக்கையில் ஒரு பச்சைத் தீற்றல் உண்டு. கண்ணை மூடினால் இன்றும் பளிச்சென்று தெரிகிறது. மங்கம்மாவின் முகம்தான் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.