கடலில் கொழுந்து பறித்த படம்

தோட்டத்தை நடத்தும் துரையின் மேசையில் அந்தப் படம் விரிந்து கிடந்த காலை எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சுருண்டுவிடாமல் இருக்க ஒரு மூலையில் மைக்கூட்டையும் மறு மூலையில் துரையின் தொப்பியையும் வைத்திருந்தார்கள். படத்தில் ஒரு கடல். இக்கரையில் ஒரு தொப்பைக்கார அதிகாரி, அக்கரையில் இன்னொருவர். இருவரும் எதிர்க்கரையை நோக்கி விரல் நீட்டுகிறார்கள். நடுவே இடுப்பளவு தண்ணீரில், கூடைக்கயிற்றைத் தலையில் மாட்டிய ஒரு பெண். அலைகளுக்கு மேலே நாலைந்து தேயிலைச் செடிகள் தலைகாட்டுகின்றன. அவள் இரண்டு பேரையும் திரும்பிப் பார்க்காமல் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு சொல்கூட இல்லாத படம். அதை வரைந்தவர், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியபடி மேசைக்கு முன்னால் நின்றார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. இலங்கை மலைநாட்டில், புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கணக்கெழுத யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இளம் கிளாக்கர் நான். அவர் பிள்ளைக்காம்பராவில், அதாவது மலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் அறையில், பிள்ளை பார்ப்பவர். தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் பிள்ளைக்காம்பரா அக்கா, எனக்கும் அப்படித்தான். அழுகிற பிள்ளைகளுக்காக அந்த அறைச் சுவரில் கரித்துண்டால் படம் போடுவார். கங்காணியின் மீசையில் இரண்டு கோழிகள் அடைகாக்கும். கொழுந்துத் தராசை அழுத்தும் பெரிய கிளாக்கரின் கட்டைவிரல் ஓர் ஆள் உயரத்துக்கு இருக்கும். பிள்ளைகள் அழுகையை நிறுத்தினார்களோ என்னவோ, தாய்மார் அவற்றைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் ஆங்கிலப் பத்திரிகையின் மூலையில் ஓர் அறிவிப்பைக் கண்டேன். ஐரோப்பாவில் ஏதோ ஒரு நகரத்தில் சர்வதேசக் கேலிச்சித்திரப் போட்டி. யாரும் பங்குபற்றலாம், ஆனால் படத்தில் எழுத்து இருக்கக் கூடாது. அதை அவருக்கு வாசித்துச் சொன்னேன்.

“எழுத்தே வேணாமா?” என்று கண்ணை அகல விரித்தார். “அப்ப அது எங்களுக்குன்னே வச்ச போட்டிதானுங்க.”

கடலும் கொழுந்தும் அவருடைய யோசனை. தாளும் கறுப்பு மையும் நான் கொடுத்தவை. படம் முடிந்ததும் ஒரு வேலைநாளில் நான்தான் அதை உறையிலிட்டுத் தோட்டத்துத் தபால் பையில் போட்டேன். தோட்டத்துப் பெண் ஒருத்தியின் பெயரில் வெளிநாட்டுக்கு ஓர் உறை போவதைப் பெரிய கிளாக்கர் பொறுப்பாரா? பிரித்துப் பார்த்துத் துரையிடம் கொண்டுபோனார்.

புதிதாக வந்திருந்த துரை சிங்களவர். இக்கரைத் தொப்பையின் மேல் விரலை வைத்து, இது யார் என்று சிங்களத்தில் கேட்டார். அக்காவும் தயங்காமல் சிங்களத்திலேயே பதில் சொன்னார்: துரை மஹத்தயாவுக்கு யாரைப் போலத் தெரிகிறதோ அவர்தான் என்று. துரையின் காது சிவந்தது.

“ஆர் உனக்கு இந்தப் போட்டியைப் பற்றிச் சொன்னது?” என்று பெரிய கிளாக்கர் குறுக்கிட்டார்.

நான் பக்கத்து மேசையில், ஆட்களின் வரவு பதியும் செக்ரோலுக்குள் தலையைப் புதைத்திருந்தேன். அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். நான் நிமிரவில்லை.

“பேப்பர்ல இருந்திச்சுங்க.”

“ஆற்ரை பேப்பர்?”

“பேப்பர்காரனோடதுங்க.”

பெரிய கிளாக்கர் படத்தை இரண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். மறுநாளிலிருந்து பிள்ளைக்காம்பரா வேலை இல்லை, மலைக்குப் போய்க் கொழுந்து பறிக்க வேண்டும் என்றார் துரை. “படத்துலயும் அதைத்தானேங்க செய்யிறேன்” என்று சொல்லிவிட்டு அக்கா படியிறங்கினார். அன்று பின்னேரமே பிள்ளைக்காம்பராச் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். அடுத்த நாள் விடியும்போது அதே கட்டைவிரல் முன்னைவிடப் பெரிதாக அங்கே இருந்தது. மறுபடி வெள்ளையடித்தார்கள், மறுபடி விரல் முளைத்தது. “நல்லதாப் போச்சு, வெள்ளையில கரி பளிச்சின்னு தெரியுது” என்று அவர் சொன்னதாகப் பெண்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரிக்க முடியாதவன் நான் ஒருவன்தான். என் வேலை, ஊரில் என் காசை நம்பியிருந்த வீடு, கலியாணத்துக்கு நின்ற தங்கை என்று எனக்கு நானே ஆயிரம் நியாயம் சொல்லிக்கொண்டேன். ஒன்றும் ஒட்டவில்லை.

இரண்டு கிழமை கழித்து, பட்டப்பகலில், ஊர் பார்க்க என் குவாட்டர்ஸ் வாசலுக்கு அக்கா வந்தார். கையில் ஒட்டி மூடிய உறை.

“படத்த திரும்பப் போட்டுட்டேங்க. ஒங்க தபால் பை வேணாம். ரம்புக்கனை தபாலாபீசுக்குப் போயி நானே ரிஜிஸ்டர் பண்றேன். பேரு வெலாசத்த மட்டும் இங்கிலீசுல எழுதிக் குடுங்க.”

உறையின் முன்புறம் போட்டியின் விலாசத்தையும், பின்புறம் அறிவிப்பில் கேட்டிருந்தபடி அவர் பெயர், வயது, முகவரியையும் எழுதினேன். அடுத்தது நாடு. இலங்கை என்று எழுதப்போன என் கையை அவர் குரல் நிறுத்தியது.

“இருங்க. நான் இந்த நாட்டு ஆளு இல்லன்னு அவங்கதானே கடுதாசி அனுப்பினாங்க?”

உண்மைதான். தோட்டத்து மக்களை இலங்கையும் இந்தியாவும் ஒன்றன் பக்கம் மற்றது தள்ளிக்கொண்டிருந்த காலம் அது. அவர் கேட்ட பிரஜாவுரிமை மறுக்கப்பட்டிருந்தது. பார்த்தே இராத இந்தியாவுக்குப் போக அவர் எழுதிக் கொடுக்கவும் இல்லை. என்ன எழுதுவது என்று கேட்டேன். பேனையை வாங்கி, அந்த வெற்றிடத்தில் ஐந்து விரலும் விரிந்த ஒரு வெறும் பாதத்தை வரைந்தார்.

“நான் நிக்கிற எடம். அவ்வளவுதான்.”

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். வந்தது வேறு: “புதுப் படத்தைப் பாக்கலாமோ?”

“அச்சுல வந்தாப் பாருங்க” என்றார்.

மாதங்கள் கழித்துத் தடித்த பதிவுப் பொதி ஒன்று அவர் பெயருக்கு வந்தது. கையொப்பம் வாங்காமல் கொடுக்க முடியாது. ஆகவே காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்க எல்லோரும் வரிசையாக நிற்கும் நேரத்தில், பெரிய கிளாக்கர் அவரைக் கூப்பிட்டார். அக்கா அங்கேயே பொதியைப் பிரித்தார். உள்ளே வழுவழுப்பான தாளில் ஒரு புத்தகம். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் தெரிந்தெடுத்த படங்களுள் ஒன்றாக ஒரு முழுப்பக்கத்தில் அவருடைய கடல். அடியில் அவர் பெயர். மற்றவர்களுக்கு நாடு அச்சிட்டிருந்த இடத்தில் அவருக்கு அந்தப் பாதம்.

புத்தகம் கைமாறிக் கைமாறிப் போனது. பெண்கள் முதலில் வாயைப் பொத்தினார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். என்னிடம் வந்தபோதுதான் புரிந்தது. இக்கரை அதிகாரிக்குப் பின்னால் புதிதாக ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். விரித்த பத்திரிகை முகத்தை மறைத்தது. நெற்றிக்கு மேல் தூக்கிவிட்ட மூக்குக்கண்ணாடியும் சட்டைப்பையில் இரண்டு பேனைகளும் மட்டும் தெரிந்தன. என் கண்ணாடி, என் பேனைகள்.

“உது எங்கடை சின்னக் கிளாக்கர் எல்லோ!” என்று பெரிய கிளாக்கர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. பத்திரிகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். துரையும் என் பக்கம் திரும்பினார். இம்முறை புதைத்துக்கொள்ள என் முன்னால் செக்ரோல் இருக்கவில்லை.

“பேப்பர் என்ரை, சேர்” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னேன். “போட்டியைப் பற்றிச் சொன்னது நான். விலாசம் எழுதிக் குடுத்ததும் நான்தான். அண்டைக்கே சொல்லியிருக்க வேணும். பயத்திலை சொல்லேல்லை.”

யாரும் சிரிக்கவில்லை. அக்கா வந்து என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, கூடைக்குள் போட்டுக்கொண்டு, “வாங்கடி, நேரமாச்சு” என்று மலையேறினார். வரிசை முழுவதும் அவருக்குப் பின்னால் போனது.

அந்த மாத முடிவிலேயே என்னை நிவித்திகலப் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு மாற்றினார்கள். அக்காவுக்குப் பிள்ளைக்காம்பரா திரும்பக் கிடைக்கவேயில்லை. அவருடைய தம்பி குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறிய பிறகும் அவர் தொழிலாளர் வரிசை வீடான அதே லயத்தில் இருந்தார் என்றும், வருடா வருடம் ரம்புக்கனைக்கு ஓர் உறை போனது என்றும் பின்னாளில் அறிந்தேன். எனக்கு இப்போது முதுமை. எத்தனையோ துரைமாரின் முன்னால் நின்றிருக்கிறேன். சில இடங்களில் பேசினேன், சில இடங்களில் பேசவில்லை. பேசாத இடங்கள்தான் இன்றைக்கும் உறுத்துகின்றன.

நான் புறப்பட்ட அன்று, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த கையோடு பஸ்ஸுக்கு வந்து என் பெட்டியை ஏற்றிவிட்டவர் அவர்தான். கோபம் போய்விட்டதா என்று கேட்டேன்.

“கோவம் போனாத்தான் படமே வராதுங்களே” என்றார். பஸ் உறுமத் தொடங்கியதும் ஜன்னல் பக்கம் வந்து குரலை உயர்த்தினார்: “போற எடத்துலயும் வாயத் தொறந்து பேசுங்க ஐயா. மொதத் தடவதான் தொண்டைய அடைக்கும்.”