வேண்டாம் என்று சொல்ல ஏழு மாதம்

என்கூட பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு பொண்ணு, மதியச் சோற்றுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "அக்கா, எங்க சபையிலேருந்து ரெண்டு தம்பிங்க வந்திருக்காங்க. கூப்பிடாத வூட்டுக்கு அவங்க போக மாட்டாங்க. உங்க வூட்டுக்கு வரச் சொல்லட்டுமா?"

நான் சரி என்றேன். எனக்கு யாரிடமும் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்ல வராது. அஞ்சாவது வரைக்கும் போன பள்ளிக்கூடத்திலும் வாத்தியார் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் முதலில் தலையாட்டுவது நான்தான். ஒன்றும் புரிந்திருக்காது.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம் அது. விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் இருக்கிற பக்கம், வரிசையாகக் கட்டின ஓட்டு வூடுகளில் ஒன்றில் தனியாக இருந்தேன். வூட்டுக்காரர் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. மகளைப் பெண்ணாடத்தில் கட்டிக் கொடுத்திருந்தேன். அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளுக்குப் பிசிறு எடுப்பது என் வேலை. அச்சு ரெண்டும் சேர்ந்த இடத்தில் ஒரு மண்கோடு நிற்கும். அதைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்துப் பலகையில் வைக்க வேண்டும். புதன்கிழமை சூளை பற்ற வைப்பார்கள், பிசிறு எடுக்கிறவர்களுக்கு அன்றைக்கு லீவு. அதனால் புதன்கிழமை மதியம் ரெண்டரை மணிக்கு வந்தார்கள்.

கத்திரி வெயில். முழுக்கை வெள்ளைச் சட்டை, டை, கறுப்பு ஷூ, நெஞ்சில் பெயர் எழுதின கறுப்பு வில்லை. ஒருத்தர் உயரம், கோயம்புத்தூர் பக்கம். இன்னொருத்தர் குள்ளம், தெலுங்குக்காரர். தமிழ் மெதுவாகத்தான் வரும். ரெண்டு பேருக்கும் இருபது இருபத்தொன்று இருக்கும். மார்மன் என்று வெளியில் சொல்வார்களே, அந்தச் சபை. ரெண்டு வருஷம் வூட்டை விட்டு வந்து, சம்பளம் இல்லாமல் ஊர் ஊராக நடந்து சொல்ல வேண்டுமாம்.

உயரமானவர் வாசலில் நின்று கேட்டார். "வூட்டுல ஆம்பளைங்க யாராவது இருக்காங்களாம்மா?"

எனக்குத் திக்கென்றது. "இல்லைங்க" என்றேன்.

"அப்படின்னா நாங்க உள்ள வரக் கூடாதும்மா. பொம்பளைங்க மட்டும் இருக்கிற வூட்டுக்குள்ள போகக் கூடாது. எங்க சட்டம். இங்கயே நின்னு பேசறோம்."

நின்று பேசினார்கள். தெருவே பார்த்தது. குழாயடியில் குடம் நிறைந்து வழிந்தாலும் யாரும் எடுக்கவில்லை. எனக்கு உடம்பு கூசியது. எதிர்வரிசையில் பெட்டிக்கடை வைத்திருந்த பாய் எழுந்து வந்தார்.

"என்ன தம்பிங்களா, இன்சூரன்ஸா?"

"இல்லைங்க ஐயா. கடவுளைப் பத்தி."

"அதை எதுக்குப்பா ரோட்டுல நின்னு பேசறீங்க? இந்த வெயில்ல கடவுளுக்கே வேர்க்கும்."

விஷயத்தைச் சொன்னதும் பாய் சிரித்தார். "ஒரு ஆம்பளை வேணும், அவ்வளவுதானே? எனக்கு அறுபத்தஞ்சு. கணக்குல சேருமா?" கடையை வூட்டம்மாவிடம் விட்டுவிட்டு உள்ளே வந்து, கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, சுவரோரம் உட்கார்ந்துகொண்டார். அன்றையிலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் அவர்தான் எங்களுக்கு நாலாவது ஆள்.

நான் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். உயரமானவர், "வேணாம்மா, நாங்க குடிக்கிறதில்லை" என்றார்.

எங்கள் தெருவில் வெளியாள் ஒருத்தர் வந்து டீ வேண்டாம் என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பாத்திரம் யாருடையது என்று பார்த்துத்தான் அந்த வேண்டாம் வரும். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டேன். என் முகம் போன போக்கைப் பார்த்தாரோ என்னவோ, அவர் அவசரமாக எழுந்தார். "ஐயோ, அதுக்கில்லைம்மா. எங்க சபையில யாருமே டீ, காப்பி தொட மாட்டோம். விரதம் மாதிரி. தண்ணி கொடுங்க, குடிக்கிறேன்." சொம்பைக் கொடுத்தேன். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. வாய் வைத்து, ஒரே மூச்சில் பாதிச் சொம்பு குடித்துவிட்டு, மீதியைத் தெலுங்குத் தம்பியிடம் நீட்டினார். அவரும் வாய் வைத்தார். அப்புறம் அவர்கள் என்ன சொன்னாலும் நான் கேட்டிருப்பேன்.

மூன்று டீயையும் பாய் குடித்தார். "உங்களை என்னான்னு கூப்புடறது?" என்று கேட்டார்.

"எல்டர்னு சொல்வாங்க ஐயா. பெரியவர்னு அர்த்தம்."

"மீசையே சரியா வரலை, பெரியவரா? அப்ப நான் யாரு, உங்களுக்குக் கொள்ளுத் தாத்தாவா?" தெலுங்குத் தம்பி புரியாமல் தலையாட்டினார். உயரமானவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அவர்களிடம் நீல அட்டை போட்ட தடிப் புஸ்தகம் ஒன்று இருந்தது. அதில் எனக்கு ஒரு பக்கம் வாசிக்கக் கொடுப்பார்கள். எழுத்துக்கூட்டி வாசிப்பேன். முடித்ததும் உயரமானவர் கேட்பார்: "இது உண்மையா இருக்கும்னு தோணுதாம்மா?" "சரிங்க" என்பேன். "அடுத்த வாரம் வரைக்கும் தினம் ஒரு பக்கம் படிப்பீங்களா?" "சரிங்க." "மண்டி போட்டுக் கடவுள்கிட்டயே கேட்டுப் பாப்பீங்களா?" "சரிங்க."

கேட்டுத்தான் பார்த்தேன். வேலை முடிந்து வந்த சாயங்காலம் சிமெண்டுத் தரையில் மண்டி போட்டேன். முட்டி வலித்தது. ஒன்றும் தோன்றவில்லை. உடம்பு அசதியில் கண்தான் சொக்கியது. அடுத்த புதன்கிழமை, "கேட்டீங்களாம்மா? மனசுக்கு எப்படி இருந்துச்சு?" என்றார். வேறென்ன சொல்வது? "நல்லா இருந்துச்சுங்க" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடின இமையில் ஈரம் தெரிந்தது. என்னமோ தப்புப் பண்ணிவிட்டோம் என்று அப்போதுதான் பட்டது.

டீயை விட முடியுமா என்று கேட்டார்கள். அதற்கும் சரிங்க. கம்பெனியில் பதினோரு மணி டீயும் நாலு மணி டீயும் இல்லாவிட்டால் எனக்குத் தலை பிளந்துவிடும். மூன்று நாள் விட்டுப் பார்த்தேன். நாலாம் நாள் ஒரு பொம்மையின் மூக்கையே சேர்த்துச் சீவிவிட்டேன். சூப்பர்வைசர் கத்தினார். அன்றைக்கு நாலு மணிக்குச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று குடித்தேன். ஒரு கடன்காரி மாதிரி தினமும் அப்படியே குடித்தேன். அவர்கள் கேட்டால் விட்டுவிட்டேன் என்று தலையாட்டுவேன். பாய் மோட்டுவளையைப் பார்ப்பார்.

நோன்பு மாசம் வந்தது. பாயும் குடிக்கவில்லை. குடிக்க யாரும் இல்லாத வூட்டில் டீ போட எனக்கும் கை வரவில்லை. வெறும் சொம்பை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு உயரமானவர் புஸ்தகத்தைத் திறக்கவில்லை. காலுறையில் குதிகால் பக்கம் ஓட்டை. அதை இன்னொரு காலால் மறைத்துக்கொண்டார்.

"இருபத்திரண்டு மாசம் ஆச்சும்மா" என்றார். "நாலு ஊர் மாத்திட்டாங்க. இதுவரைக்கும் ஒருத்தர்கூட என் மூலமா சேரலை. படிப்பை விட்டுட்டு வந்தேன்னு எங்கப்பா பேசறதில்லை. அம்மாவுக்கு மட்டும் வாரா வாரம் எழுதுவேன். இப்பல்லாம் உங்களைப் பத்தித்தான் எழுதறேன். விருத்தாசலத்துல ஒரு அம்மா இருக்காங்க, நம்புறாங்கன்னு. மார்கழியோட நான் ஊருக்குப் போயிடணும். அதுக்குள்ள உங்களை மெட்ராஸ் கூட்டிட்டுப் போய் ஞானஸ்நானம் கொடுக்கணும்னு இருக்குது. அங்கதான் அதுக்குத் தொட்டி இருக்குது. கார்த்திகையில ஒரு ஞாயித்துக்கிழமை போகலாமாம்மா?"

"சரிங்க" என்றேன்.

அவர்கள் தெரு திரும்பினதும் பாய் என் பக்கம் திரும்பினார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "ஏன் தங்கச்சி, நீ போய்த் தண்ணியில முங்கப் போறியா?"

"எனக்கு எதுக்கு பாய் அதெல்லாம்?"

"பின்ன ஏன் சரின்னே?"

"அந்தப் புள்ள மொகத்தைப் பாத்து எப்படிச் சொல்றது?"

"நீ சொல்லாம விட்டா மெட்ராஸ்ல வெள்ளைத் துணி போட்டு முக்கிருவாங்க. முங்கி எந்திரிச்சு வந்து டீ போடுவியா? ஒருத்தனோட ஈமான்ல, நம்பிக்கையில விளையாடாதே தாயி. எனக்குப் புடிக்கலை."

எனக்குப் புடித்ததா? அடுத்த வாரம் தெலுங்குத் தம்பி வெள்ளை உடுப்புக்கு என் உயரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார். அதையும் சொன்னேன்.

திங்கள்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டு மணவாளநல்லூர் போனேன். அந்தக் கோயிலில் முருகனுக்குப் பிராது கட்டுவார்கள். நம் குறையைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு எழுதுகிற மாதிரி ஒரு தாளில் எழுதி, வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். நான் எழுதினேன்: ஐயா, அந்த உயரமான தம்பிக்கு இந்த ஊரிலேயே வேறு ஒருத்தரைக் காட்டுங்க, மனசார நம்புகிறவராய்ப் பார்த்து. என்னை விட்டுடச் சொல்லுங்க. தாளைச் சுருட்டிக் கட்டிவிட்டு வந்தேன்.

பாயிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏசுவுக்கு ஆள் சேர்க்கிற பையனுக்கு, ஆள் புடிச்சுத் தரச் சொல்லி முருகன்கிட்ட மனு. சாட்சிக்கு ஒரு பாய். எந்தக் கோர்ட்டுலயும் இந்தக் கேஸ் நிக்காது தங்கச்சி. வாயைத் திறந்து சொல்லு."

போக வேண்டிய ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின புதன்கிழமை. நல்ல மழை. ரெண்டு பேரும் ஒரே குடையில் நனைந்துகொண்டு வந்தார்கள். உயரமானவர் பிளாஸ்டிக் பைக்குள் பத்திரமாக ஒரு தாள் வைத்திருந்தார். என் பேர், அப்பா பேர், பிறந்த வருஷம் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். தாள் வெள்ளையாக இருந்தது.

"வேணாங்க தம்பி."

"எழுதலையாம்மா? இந்தாங்க, வேற பேனா."

"பேனா இல்லைங்க. நான் வரலை."

பாய் காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கிழமை தோதுப்படாதாம்மா? அடுத்த வாரம் வெச்சுக்கலாம்."

"என்னிக்குமே இல்லைங்க. நான் கேட்டேன், எனக்கு ஒண்ணும் தோணலை. நல்லா இருந்துச்சுன்னு சொன்னது பொய். டீயும் விடலை. தினம் ரெண்டு குடிக்கிறேன்." சொல்லும்போது தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உயரமானவர் பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு கேட்டார். "அப்ப எதுக்கும்மா ஏழு மாசமா வரச் சொன்னீங்க?"

"வெயில்ல நின்னீங்க. கொஞ்ச நேரம் உக்காரட்டும்னு."

அவர் தாளை ரெண்டாக மடித்தார். அப்புறம் நாலாக. "எங்கம்மாவுக்கு எழுதிட்டேன்மா" என்றார். அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். ஷூவுக்குக் கயிறு கட்டாமலே இறங்கிப் போய்விட்டார். தெலுங்குத் தம்பி குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

அடுத்த ரெண்டு புதன்கிழமையும் வரவில்லை. ரெண்டரை மணிக்குப் பாய் வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கடைக்குப் போனார். "நீ சொன்னது சரிதான் தங்கச்சி" என்றார் ஒரு தடவை. எனக்கு அது ஒட்டவில்லை. என்னால் ஒரு பிள்ளையின் நடை வீணாய்ப் போனது. முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த ஏழு மாசத்தில் வேறு யாரையாவது பார்த்திருப்பார்.

மூன்றாவது புதன்கிழமை வந்தார்கள். அதே நேரம். அதே மழை. வாசலில் நின்று, "ஐயா இருக்காங்களாம்மா?" என்றார். நான் பாயைக் கூப்பிட்டேன்.

உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டார். "மெட்ராசுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன், நீங்க வரலைன்னு. அம்மாவுக்கும் எழுதிட்டேன். இனி யாரும் கேக்க மாட்டாங்க."

"அப்ப ஊருக்குப் போயிடுவீங்களா தம்பி?"

"இல்லைம்மா. மார்கழிக் கடைசி வரைக்கும் நடக்கணும்."

"யாரும் சேரலைன்னாலுமா?" பாய் கேட்டார்.

"ஆமாங்க ஐயா. சேர்றது அவங்க இஷ்டம். நடக்கறதுக்குத்தான் நான் வாக்குக் கொடுத்தேன்." பெரிசாக ஒன்றும் சொல்லிவிட்ட மாதிரி இல்லை. அலுத்துப்போன குரல். கொஞ்சம் தயங்கி, "இன்னிக்குப் புஸ்தகம் வேணாம்மா. சும்மா உக்காந்துட்டுப் போகவா?" என்றார்.

சுவரில் சாய்ந்தார். டை கழுத்தில் இருந்தபடியே, கை மடியில் இருந்தபடியே, தூங்கிப்போனார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. தெலுங்குத் தம்பிக்கு வெட்கம். எழுப்பக் கையை நீட்டினார். பாய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "விடுப்பா. பெரியவர் தூங்கட்டும்" என்று மெதுவாகச் சொன்னார். முக்கால் மணி நேரம் யாரும் பேசவில்லை.

எழுந்ததும் முகம் கழுவிக்கொண்டு, ஈர ஷூவுக்குள் காலை நுழைத்தார்.

"இந்த மழையில எங்க தம்பி?"

"ஜங்ஷன் ரோட்டுல ஒருத்தர் வரச் சொன்னாரும்மா. போன வாரம் போனோம், பூட்டியிருந்துச்சு. இன்னிக்கு இருப்பாரு."

அதற்கப்புறம் நாலு புதன்கிழமை வந்தார். நாலிலும் தூங்கினார். பொங்கலுக்கு முன்னால் வந்து சொல்லிக்கொண்டு ஊருக்குப் போனார். ஜங்ஷன் ரோட்டுக்காரர் கடைசி வரைக்கும் கதவைத் திறக்கவில்லை என்று தெலுங்குத் தம்பி சொன்னார்.